வகுப்பறையிலிருந்து பதிப்பகத்துக்கு: ஒரு பாதை பிறந்த கதை

1947இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எழுத்துப் பயின்றுகொண்டிருந்த 22 வயதுப் பெண்ணுக்கு 750 டாலர் பரிசு கிடைத்தது. இன்னும் எழுதி முடிக்காத ஒரு நாவலுக்குக் கிடைத்த பரிசு அது. சில அத்தியாயங்கள்தான் அவர் கையில் இருந்தன. பணம் கொடுத்தது நியூயார்க்கின் ரைன்ஹார்ட் பதிப்பகம். நாவல் முடிந்ததும் முதலில் தன்னிடம்தான் தர வேண்டும், பிடித்திருந்தால் தானே வெளியிடுவேன் என்பது பதிப்பகம் போட்ட நிபந்தனை. பரிசுக்கு ரைன்ஹார்ட்–அயோவா பரிசு என்று பெயர். வாங்கியவர் ஃபிளானரி ஓ'கானர்.

ஓ'கானரின் வாழ்க்கை வரலாற்றில் இந்தப் பரிசைப் பற்றி நாலைந்து பக்கம் இருந்தாலே அதிகம். ஆனால், எழுதக் கற்றுத்தரும் வகுப்பறைக்கும் புத்தகம் போடும் பதிப்பகத்துக்கும் இடையே பாதை எப்படி உருவானது என்று தேடிப்போகிறவருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. அந்தப் பாதையால் ஒரு மாணவருக்கு என்ன கிடைக்கும், அதில் என்ன ஆபத்து, அங்கே நடக்க அவர் எதைக் கற்றிருக்க வேண்டும் என்ற மூன்றுக்கும் ஓ'கானரின் கதையிலேயே பதில் இருக்கிறது.

இன்று மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் படைப்பெழுத்து மாணவர்களைப் பார்க்க இலக்கிய முகவர்கள் வருகிறார்கள். பதிப்பக எடிட்டர்கள் வந்து பேசுகிறார்கள். மாணவர்கள் ஆண்டுதோறும் தொகுப்பு கொண்டுவருகிறார்கள். சில இடங்களில் பதிப்பகமே நடத்துகிறார்கள். இதெல்லாம் திட்டம் போட்டு ஒரே நாளில் வந்ததில்லை. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாகக் கொஞ்சம் கொஞ்சமாக உருவான ஏற்பாடு இது.

கவிதையும் ஆய்வேடு ஆனது

கதை சோளக்காட்டு நடுவில் தொடங்குகிறது. அயோவா விவசாய மாநிலம். சோளமும் பன்றி வளர்ப்பும்தான் அங்கே பிரதானம். பெரிய பதிப்பகங்கள் இருக்கும் நியூயார்க்குக்கும் அயோவா சிட்டிக்கும் இடையே பாதி அமெரிக்கா கிடக்கிறது. எழுத்தாளர்கள் கூடும் ஊராக அது ஆகும் என்று அந்தக் காலத்தில் யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

1922இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்புத் துறைத் தலைவர் கார்ல் சீஷோர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். உயர் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதுவதற்குப் பதிலாகக் கவிதை, கதை, இசை, ஓவியம் ஆகியவற்றையும் தரலாம் என்பதே அறிவிப்பு. சீஷோர் இலக்கியவாதி அல்ல, உளவியல் அறிஞர். இசைத் திறனை அளந்து பார்க்கும் சோதனைகளை வகுத்ததில் பேர் பெற்றவர். படைப்பு வேலையும் அறிவு வேலைதான் என்று பல்கலைக்கழகம் ஒப்புக்கொள்ள அவர் வழி செய்தார்.

அந்த அறிவிப்பின் விளைவைக் கவனிக்க வேண்டும். ஆய்வேடு என்றால் ஆசிரியர்கள் படித்து ஒப்புதல் தந்ததும் நூலகத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதை யாரும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. கவிதைத் தொகுப்பையே ஆய்வேடாகத் தந்த மாணவருக்கு அப்படி இல்லை. பட்டம் வாங்கிய மறுநாளே, இதை யார் வெளியிடுவார்கள் என்ற கேள்வி அவர் முன்னால் வந்து நின்றது. பல்கலைக்கழகத்திடம் அதற்குப் பதில் கிடையாது.

முதலில் வந்த பதில், போட்டி. பால் எங்கிள் என்ற மாணவர், அயோவாவிலேயே சீடர் ராப்பிட்ஸில் குதிரை பழக்குபவரின் மகனாகப் பிறந்தவர். இளம் கவிஞர்களின் முதல் நூலுக்காக யேல் பல்கலைக்கழகம் நடத்திய வரிசையில் அவருடைய கவிதைத் தொகுப்பு 1932இல் வெளிவந்தது. அயோவாவில் பயின்ற வாலஸ் ஸ்டெக்னர், லிட்டில் பிரவுன் பதிப்பகம் நடத்திய குறுநாவல் போட்டியில் 2,500 டாலர் வென்றார்; அந்தக் குறுநாவல் 1937இல் புத்தகமாக வந்தது. மார்கரெட் வாக்கர் என்ற கறுப்பினக் கவிஞர் 1940இல் அயோவாவில் எம்.ஏ. பட்டத்துக்குத் தந்த கவிதைகள், 1942இல் அதே யேல் வரிசையில் நூலாயின. போட்டியில் வெல்பவருக்கு வாசல் திறந்தது. மற்றவர்கள் வழக்கம்போல் தபால் தலை ஒட்டிய உறையோடு பிரதியை அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்கள். ஏன் திரும்பி வந்தது என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் கிடையாது.

1936இல் வில்பர் ஷ்ராம் தலைமையில் பல்கலைக்கழகத்தின் எழுத்து வகுப்புகளெல்லாம் அயோவா எழுத்தாளர் பட்டறை என்ற முறையான படிப்பாயின. 1941இல் பொறுப்பு பால் எங்கிள் கைக்கு வந்தது. சுமார் 25 ஆண்டுகள் அவரே நடத்தினார்.

மலைமேல் இரண்டு வாரம்

இதற்கு இணையாக வேறொரு மூலையில் இன்னொரு முயற்சி நடந்துகொண்டிருந்தது. வெர்மான்ட் மாநில மலைப்பகுதியில் மிடில்பரி கல்லூரிக்குச் சொந்தமான பழைய விடுதி ஒன்று உண்டு. அங்கே 1926ஆம் ஆண்டு ஆகஸ்டில் பிரெட் லோஃப் எழுத்தாளர் மாநாடு தொடங்கியது. எழுதக் கற்பவர்களும் பேர் பெற்ற எழுத்தாளர்களும் சில நாள் ஒரே இடத்தில் தங்கிப் பேசுவது அதன் நோக்கம். அதை முதலில் நடத்தியவர் பேராசிரியர் அல்ல. ஜான் ஃபாரர் என்ற இளம் பதிப்பக எடிட்டர்.

இந்தத் தேர்வு ஒரு வழக்கத்தையே உண்டாக்கியது. எடிட்டர் நடத்தியதால், கதை எப்படி அமைய வேண்டும் என்ற பேச்சோடு, கதை போய்ச் சேரும் இடத்தைப் பற்றிய பேச்சும் தானாகவே அங்கே வந்தது. பதிப்பாளர்கள் வந்தார்கள், முகவர்கள் வந்தார்கள். பதிப்பகம் என்றால் முகமில்லாத ஓர் அலுவலகம் என்று நினைத்திருந்தவர்கள், அங்கே வேலை செய்யும் மனிதரோடு உட்கார்ந்து சாப்பிட முடிந்தது. தன் பிரதியை அவர் எப்படிப் படிப்பார், எந்தப் பக்கத்தில் கீழே வைப்பார் என்று நேரிலேயே கேட்க முடிந்தது.

ஃபாரர் 1929இல் ஸ்டான்லி ரைன்ஹார்ட் என்பவரோடு சேர்ந்து ஃபாரர் அண்ட் ரைன்ஹார்ட் பதிப்பகத்தைத் தொடங்கினார். பிறகு அதிலிருந்து விலகி, 1946இல் ஃபாரர், ஸ்ட்ராஸ் என்ற புதிய பதிப்பகத்தை நிறுவினார். பழைய நிறுவனம் ரைன்ஹார்ட் என்ற பெயரில் நடந்தது. ஓ'கானருக்கு 750 டாலர் கொடுத்த ரைன்ஹார்ட் இதுதான்.

பால் எங்கிளின் தகரக் கொட்டகை

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அயோவாவின் நிலைமை மாறியது. போர் முடிந்து வரும் வீரர்களின் படிப்புச் செலவை அரசே ஏற்கும் சட்டம் 1944இல் வந்திருந்தது. எழுத ஆசைப்பட்ட இளைஞர்கள் பலர் அந்த உதவியோடு அயோவாவுக்கு வந்து சேர்ந்தார்கள். அயோவா நதிக்கரையில் ராணுவம் விட்டுச்சென்ற தகரக் கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. மாணவரின் கதையைப் பிரதி எடுத்துக் கொடுப்பார்கள், அல்லது வாசிப்பார்கள். எழுதியவர் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்க, மற்றவர்கள் அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பார்கள்.

1945இல் ஜார்ஜியாவிலிருந்து ஓ'கானர் வந்தபோது அவர் சேர்ந்திருந்தது இதழியல் படிப்பில். ஒருநாள் எங்கிளின் அறைக்குப் போய் ஏதோ சொன்னார். அவருடைய தெற்கத்திப் பேச்சு எங்கிளுக்குக் கொஞ்சமும் விளங்கவில்லை. ஒரு தாளை நீட்டி எழுதிக்காட்டச் சொன்னார். தன் பெயரையும், தான் பத்திரிகைக்காரி இல்லை என்பதையும், எழுத்தாளர் பட்டறையில் இடம் கிடைக்குமா என்பதையும் ஓ'கானர் எழுதிக் கொடுத்தார். எங்கிளே பிற்பாடு நினைவுகூர்ந்த சம்பவம் இது. கதைகளைப் படித்துப் பார்த்து உடனே சேர்த்துக்கொண்டார். வகுப்பில் அவர் பின்னால் உட்கார்ந்து பேசாமலே இருப்பாராம். அவருடைய கதையை வேறொருவர்தான் வாசிப்பார்.

எங்கிளைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவர் பணம் திரட்டிய சாமர்த்தியத்தைச் சொல்லாமல் இருப்பதில்லை. ஓட்ஸ் விற்கும் கம்பெனி, துணி துவைக்கும் இயந்திரம் செய்யும் கம்பெனி, அறக்கட்டளைகள் என்று எந்தக் கதவையும் அவர் தட்டாமல் விட்டதில்லை. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அவருடைய மற்றொரு குணம். மாணவர் ஒரு நல்ல கதை எழுதினால், அது வகுப்பறையில் பாராட்டு வாங்கியதோடு நின்றுவிடக் கூடாது என்று நினைத்தவர் அவர். பெரிய எழுத்தாளர்களையும் விமர்சகர்களையும் அயோவாவுக்கே வரவழைத்தார். ராபர்ட் பென் வாரன், ஆலன் டேட், ஆண்ட்ரூ லைட்டில் போன்றவர்கள் மாணவர்களின் பிரதிகளை நேரில் படித்தார்கள். வந்தவர்கள் ஊர் திரும்பியதும் தங்களுக்குத் தெரிந்த எடிட்டர்களிடம் நல்ல பெயர்களைச் சொன்னார்கள்.

1946இல் ஓ'கானரின் கதை ஒன்று முதன்முறையாக அச்சேறியது. இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்து வந்துகொண்டிருந்த 'ஆக்சென்ட்' என்ற சிற்றிதழ் அதை வெளியிட்டது. மறு ஆண்டு ஆறு கதைகளை ஆய்வேடாகத் தந்து பட்டம் பெற்றார். அதே ஆண்டில்தான் ரைன்ஹார்ட்–அயோவா பரிசு. படிக்கும்போதே சிற்றிதழில் ஒரு கதை, பட்டம் வாங்கும் தருணத்தில் பதிப்பகத்தின் முன்பணம்: எழுத வந்த ஒரு மாணவிக்கு இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றும்.

பரிசுக்குள் இருந்த சிக்கல்

1948இல் நியூயார்க் மாநிலத்தில் எழுத்தாளர்கள் தங்கி எழுதும் யாடோ இல்லத்துக்கு ஓ'கானர் போனார். அங்கிருந்து எலிசபெத் மெக்கீ என்ற முகவருக்குக் கடிதம் எழுதினார். தன் கதைகளைக் கவனித்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். தான் மெதுவாக எழுதுபவள் என்பதையும், ரைன்ஹார்ட்டுக்கு நாவலின்மேல் முதல் உரிமை இருப்பதையும் மறைக்காமல் சொன்னார். மெக்கீ ஒப்புக்கொண்டார். வகுப்பில் பேசவே தயங்கிய பெண், தனக்காகப் பேச ஆள் வேண்டும் என்று உணர்ந்து, அந்த ஆளைத் தானே தேடிக்கொண்டார். அடுத்து நடந்ததைப் பார்த்தால் அது எவ்வளவு அவசியமான காரியம் என்று தெரியும்.

நாவலின் தொடக்கப் பகுதியைப் படித்த ரைன்ஹார்ட் எடிட்டர் ஜான் செல்பிக்கு அது ஒத்துவரவில்லை. விசித்திரமான மனிதர்கள், ஒழுங்கில்லாத போக்கு என்று பட்டது. 1949 தொடக்கத்தில் அவர் எழுதிய கடிதத்தில் எழுத்தைப் பற்றிய விமர்சனத்தோடு, எழுதியவரின் தனிமையையும் குறைந்த அனுபவத்தையும் பற்றிய அபிப்பிராயமும் இருந்தது. நாவலை வழக்கமான வடிவத்துக்குத் திருப்ப நினைக்கிறார்கள் என்று ஓ'கானர் புரிந்துகொண்டார். தான் எழுதுவது வழக்கமான நாவல் அல்ல, தான் செய்ய முயல்வது என்னவோ அதற்குள் நின்று சொல்லும் விமர்சனத்தையே ஏற்க முடியும் என்று பதில் எழுதினார்.

அந்தப் பதிலை எழுதும்போது அவருக்கு வயது 23. நாவல் எதுவும் வெளிவரவில்லை. நிலையான வருமானமும் இல்லை. பதிப்பகத்தின் பணத்தை வாங்கியாகிவிட்டது. அந்த நிலையில் பெரும்பாலோர் தலையாட்டியிருப்பார்கள். அவர் தலையாட்டவில்லை. ஆனால் பரிசோடு வந்த உரிமைப் பிடி அவரை விடவில்லை. ரைன்ஹார்ட்டிடமிருந்து நாவலை மீட்பதற்கு நீண்ட இழுபறி நடந்தது. நெறியில்லாமல் நடந்துகொள்கிறார் என்ற பழியையும் அவர் கேட்க வேண்டியிருந்தது.

இதற்கிடையில் யாடோவில் பழக்கமான கவிஞர் ராபர்ட் லோவெல் அவரை நியூயார்க்கில் ஹார்கோர்ட் பிரேஸ் பதிப்பகத்தின் எடிட்டர் ராபர்ட் ஜிரூவிடம் அழைத்துப் போனார். குறைவாகப் பேசிய அந்தப் பெண்ணிடம் ஏதோ அசாதாரணம் இருப்பதை ஜிரூ கண்டுகொண்டார். கடைசியில் ரைன்ஹார்ட் விட்டுக்கொடுத்தது. 'வைஸ் பிளட்' நாவல் 1952இல் ஹார்கோர்ட் பிரேஸ் வெளியீடாக வந்தது, ஓ'கானர் நினைத்த வடிவத்தில்.

அதன் பிறகு அவர் செய்த காரியம் ஒவ்வொரு எழுத்து மாணவருக்கும் சொல்லப்பட வேண்டியது. 1955இல் ஜிரூ ஹார்கோர்ட்டை விட்டு விலகினார். அடுத்த நாவலுக்கு ஹார்கோர்ட்டோடு ஒப்பந்தம் போடும்போது, அங்கே தனக்கு இருக்கும் எடிட்டரும் விலகினால் தானும் விலகலாம் என்ற விதியை ஓ'கானர் அதில் சேர்க்க வைத்தார். எட்டு ஆண்டுகளுக்கு முன் நிபந்தனையோடு பணம் வாங்கிச் சிக்கியவர், இந்த முறை வெளியேறும் வழியை எழுதி வாங்கிக்கொண்டே உள்ளே போனார். அந்த விதி பயன்பட்டது. 1958இல் அவர் ஹார்கோர்ட்டை விட்டு ஜிரூ சேர்ந்திருந்த பதிப்பகத்துக்குப் போனார். அது ஜான் ஃபாரர் நிறுவிய பதிப்பகம். அவருடைய இரண்டாவது நாவல் 1960இல் அங்கே வந்தது. 1964இல், 39 வயதில், லூபஸ் நோயால் அவர் இறந்தார். ஜிரூ வெளியிட்ட முழுக் கதைத் தொகுப்புக்கு 1972இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது கிடைத்தது.

எங்கிள் திறந்த வாசல் இல்லாவிட்டால் இது இவ்வளவு சீக்கிரம் நடந்திருக்காது. ஆனால் வாசலுக்கு அப்பால் எப்படி நடந்துகொள்வது என்று அந்த வகுப்பில் யாரும் சொல்லித்தரவில்லை. முகவர், உரிமை, ஒப்பந்த விதி, எந்தத் திருத்தத்துக்கு இணங்குவது, எதற்கு மறுப்பது என்பதையெல்லாம் ஓ'கானர் அடிபட்டுக் கற்றார். அவருக்கு இருந்த மன உறுதி எல்லோருக்கும் இருக்காது. அதே இடத்தில் நாவலை மாற்றிக் கொடுத்துவிட்டவர்கள், அல்லது எழுத்தையே விட்டுவிட்டவர்கள் எத்தனை பேரோ. அவர்களின் பெயர் எந்த வரலாற்றிலும் வராது. பதிப்புலகத்தைப் பற்றி மாணவருக்குச் சொல்லித்தர வேண்டும் என்று நான் நினைப்பதற்கு முதல் காரணம் அவர்கள்தான்.

எடிட்டர் நாற்காலியில் உட்கார்ந்து பார்

ஓ'கானர் பட்டம் வாங்கிய அதே 1947இல், பாதையை மறு முனையிலிருந்து வெட்டும் வேலையும் தொடங்கியது. ஹார்வர்டை ஒட்டிய ராட்கிளிஃப் பெண்கள் கல்லூரியில் பதிப்புத் தொழிலைக் கற்றுத்தரும் கோடைகாலப் படிப்பு ஒன்றை ஆரம்பித்தார்கள். பிரதியைத் தேர்வு செய்வது முதல் புத்தகம் விற்பது வரை, பதிப்பகங்களில் வேலை செய்பவர்களே வந்து சில வாரங்கள் பாடம் நடத்தினார்கள். பின்னாளில் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு இடம் மாறிய அந்தப் படிப்பு இன்றும் நடக்கிறது. பதிப்பகத்தில் வேலைக்குப் போகிறவருக்கு இந்தக் கல்வி. எழுதுகிறவருக்கு அயோவாவின் கல்வி. இரண்டும் தனித்தனியாக நடந்தன.

இரண்டையும் ஒரு வீட்டுப்பாடத்தில் சேர்த்தவர் கர்ட் வானகட். 1965இல் அயோவாவுக்குப் பாடம் நடத்த வந்தார். அவர் அப்போது இன்னும் பெரிய புகழ் பெறாத நாவலாசிரியர். கதைகளை இதழ்களுக்கு விற்றுக் குடும்பம் நடத்திய அனுபவம் அவருக்கு நிறைய உண்டு. அந்த ஆண்டு தன் மாணவர்களுக்கு அவர் கொடுத்த வேலை இது: ஒரு சிறுகதைத் தொகுப்பில் இருந்த 15 கதைகளையும் முதலில் ரசித்துப் படிக்க வேண்டும். பிறகு பொருளடக்கத்தை ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, பக்க எண்ணுக்குப் பதிலாக ஒவ்வொரு கதைக்கும் மதிப்பெண் போட வேண்டும். அடுத்து, தன்னை ஒரு நல்ல இலக்கிய இதழில் வேலை செய்யும் சிறிய, ஆனால் பயனுள்ள எடிட்டராக நினைத்துக்கொள்ள வேண்டும். மிகவும் பிடித்த மூன்று கதைகளும் கொஞ்சமும் பிடிக்காத மூன்று கதைகளும் பிரசுரத்துக்கு வந்திருப்பதாக வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றைப் பற்றியும் அனுபவசாலியான மேலாசிரியருக்கு ஓர் அறிக்கை எழுத வேண்டும். பேராசிரியர் தோரணையில் எழுதக் கூடாது. கலைப் போதையிலும் எழுதக் கூடாது. சந்தைக்காரனைப் போலவும் எழுதக் கூடாது. ஒரு கதை எதனால் நிற்கிறது, எதனால் விழுகிறது என்று ஓரளவு தெரிந்த, நுண்ணுணர்வுள்ள மனிதராக எழுத வேண்டும்.

இவ்வளவு எளிமையான பயிற்சிக்குள் எவ்வளவு இருக்கிறது! அந்தத் தொகுப்பில் இருந்தவை பெயர்பெற்ற ஆசிரியர்களின் கதைகள். அவற்றில் மூன்றை வேண்டாம் என்று சொல்லவும், ஏன் வேண்டாம் என்று காரணம் காட்டவும் வேண்டியிருந்தது. அதைச் செய்து பார்த்த மாணவருக்குத் தன் கதை திரும்பி வந்தால் அதை வாங்கிக்கொள்ளும் விதமே மாறிவிடும். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரும் ஒரு வாசகர். அவருக்கும் ரசனை உண்டு, பிழையும் உண்டு, மேலே பதில் சொல்ல வேண்டிய ஒருவரும் உண்டு என்று புரியும். மறுப்புக் கடிதத்தைத் தன் தகுதிக்கான தீர்ப்பாக எடுத்துக்கொண்டு ஒடிந்துபோக மாட்டார். வானகட்டிடம் படித்த ஜான் இர்விங் அயோவாவில் எழுதத் தொடங்கிய நாவல் 1968இல் அவருடைய முதல் புத்தகமாக வெளிவந்தது.

பாதை பரவியது

1967இல் இரண்டு காரியங்கள் நடந்தன. முன்பு அயோவாவில் பாடம் நடத்திய ஆர்.வி. காசில் முன்னின்று, 13 படைப்பெழுத்துத் துறைகளைச் சேர்ந்த 15 எழுத்தாளர்களைக் கூட்டி ஏ.டபிள்யூ.பி. என்ற சங்கத்தை அமைத்தார். ஆங்கிலத் துறைகளில் உயிரோடிருக்கும் எழுத்தாளர்களுக்கு மரியாதை இல்லாத காலம் அது. அந்த மரியாதைக்காகத் தொடங்கிய சங்கம், மாணவர்களையும் சிறு பதிப்பகங்களையும் இதழ்களையும் ஒரே கூரையின் கீழ் சந்திக்க வைக்கும் ஆண்டு மாநாடாக வளர்ந்தது. அங்கே நடக்கும் புத்தகச் சந்தையில், கதை அனுப்ப நினைக்கும் மாணவர் அந்த இதழை முதலில் கையில் எடுத்துப் புரட்டுகிறார். அதை நடத்துபவரிடம் எந்த மாதிரிக் கதை வேண்டும் என்று கேட்கிறார். இன்று அந்தச் சங்கத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படைப்பெழுத்துத் துறைகள் உறுப்பினர்.

மற்றது, பால் எங்கிளும் சீன எழுத்தாளர் ஹுவாலிங் நியேயும் சேர்ந்து அயோவாவில் தொடங்கிய சர்வதேச எழுத்தாளர் திட்டம். இது மாணவர்களுக்கானது அல்ல. எழுதி நிலைபெற்றவர்களைப் பல நாடுகளிலிருந்து அழைத்துச் சில மாதம் தங்கவைப்பது. 1973இல் அதில் கலந்துகொள்ள அசோகமித்திரன் போனார். அந்த மாதங்களிலிருந்து பிறந்ததே 'ஒற்றன்!'. பல மொழி எழுத்தாளர்கள் ஒரே கட்டிடத்தில் வாழ்ந்ததையும், ஒருவர் எழுத்தை மற்றவர் அறியாமலே நண்பர்களானதையும் தமிழில் படிக்க விரும்புகிறவர்களுக்கு அதைவிட நல்ல நூல் இல்லை. எங்கிள் என்ற மனிதர் வகுத்த ஏற்பாடு ஒரு தமிழ் நாவலுக்கும் காரணமானது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

இங்கிலாந்தில் 1970இல் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் மால்கம் பிராட்பரியும் ஆங்கஸ் வில்சனும் படைப்பெழுத்து எம்.ஏ. தொடங்கினார்கள். முதல் மாணவர் இயன் மெக்யூவன். 1979இல் அங்கே சேர்ந்தவர் கசுவோ இஷிகுரோ. ஃபேபர் பதிப்பகம் அப்போது ஓர் அழகான வழக்கம் வைத்திருந்தது. இன்னும் புத்தகம் போடாத சில புதியவர்களின் கதைகளைச் சேர்த்து 'அறிமுகங்கள்' என்ற வரிசையில் தொகுப்புகள் வெளியிடும். அதன் ஏழாவது தொகுப்பில், 1981இல், இஷிகுரோவின் மூன்று கதைகள் வந்தன. மறு ஆண்டு அவருடைய முதல் நாவலை ஃபேபரே வெளியிட்டது. 2017இல் நோபல் பரிசு பெற்றபோதும் அவர் ஃபேபர் எழுத்தாளர்தான். ஒரு பதிப்பகம் மூன்று கதைகளுக்கு இடம் கொடுத்து, காத்திருந்து, நாவலுக்கு வந்தது. பரிசோடு உரிமையைப் பிடித்துவைப்பதைவிட இந்த வழி எவ்வளவு நாகரிகமானது!

மாணவர் செய்த புத்தகம்

இந்த வளர்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் வில்மிங்டன் வளாகத்தில் நடந்தது. அங்குள்ள படைப்பெழுத்துத் துறையில் பதிப்புக் கூடம் ஒன்று இருக்கிறது. எழுத்து பயிலும் மாணவர்கள் அங்கே புத்தகம் செய்யக் கற்கிறார்கள். அந்தத் துறையே 'லுக்அவுட் புக்ஸ்' என்ற பெயரில் பதிப்பகம் தொடங்கி, 2011இல் முதல் நூலைக் கொண்டுவந்தது. அது எடித் பேர்ல்மன் என்ற சிறுகதை எழுத்தாளரின் தேர்ந்தெடுத்த கதைகளும் புதிய கதைகளும் சேர்ந்த 'பைனாக்குலர் விஷன்'. பேர்ல்மன் அப்போது எழுபதைக் கடந்திருந்தார். பல பத்தாண்டுகளாக நல்ல கதைகள் எழுதியும் பெரிய பதிப்பகங்களின் கவனத்துக்கு வராதவர். அந்தப் புத்தகம் தேசியப் புத்தக விருதின் இறுதிப் பட்டியலுக்குப் போனது. தேசியப் புத்தக விமர்சகர் வட்டத்தின் புனைகதை விருதை வென்றது.

அங்கே பயின்ற மாணவர்களுக்கு இதன் மூலம் கிடைத்த கல்வியை எண்ணிப் பார்க்கிறேன். அவர்கள் தங்கள் புத்தகத்தை வெளியிட்டுக்கொள்ளவில்லை. கவனிக்கப்படாமல் இருந்த இன்னொருவரின் எழுத்துக்கு உழைத்தார்கள். மெய்ப்பு பார்ப்பது, பின்னட்டை வாசகம் எழுதுவது, மதிப்புரைக்கு அனுப்புவது, கடைக்காரரிடம் பேசுவது என்று ஒரு புத்தகத்துக்குப் பின்னால் இருக்கும் வேலைகள் ஏராளம். அவற்றில் கை வைத்தவருக்கு, நாளை தன் புத்தகம் வெளிவரும்போது எதைக் கேட்பது நியாயம், எதைக் கேட்பது பேராசை என்று தெரிந்திருக்கும். எழுத்தாளர் என்பவர் ஒரு நீண்ட வேலையின் ஒரு பகுதியை மட்டும் செய்பவர் என்ற அடக்கமும் வந்திருக்கும்.

இதையெல்லாம் சொல்லும்போது ஒரு மறுப்பு வரும். எழுத்து கற்கும் வயதில் பதிப்பகத்தைப் பற்றிப் பேசினால் மாணவரின் கண் பணத்தின்மேலும் பெயரின்மேலும் போய்விடாதா என்பது அது. அலட்சியப்படுத்தக் கூடிய கவலை அல்ல. ஓ'கானரே பிற்காலத்தில் கல்லூரிகளில் பேசும்போது, வருகிறவர்களில் பலருக்கு எழுதுவதைவிட அச்சேறுவதில்தான் ஆர்வம் என்று வருந்தியிருக்கிறார். ஆனால் அந்த ஆர்வம் பதிப்புலகைத் தெரிந்துகொள்வதால் வருவதில்லை, தெரியாததால் வருவது. தெரியாதவருக்குத்தான் புத்தகம் வெளிவருவது எல்லாவற்றையும் தீர்த்துவைக்கும் அதிசயமாகத் தோன்றும். ஒரு பதிப்பகத்தில் ஆறு மாதம் பிரதிகளைப் படித்தவருக்கு அந்த மயக்கம் இருக்காது. நல்ல எழுத்து எவ்வளவு அரிது, அது வந்து சேரும்போது படிக்கிறவர் எவ்வளவு சந்தோஷப்படுகிறார் என்று அவர் பார்த்திருப்பார். அப்படிப் பார்த்தவர் தன் கதையைப் பத்தாவது முறையும் திருத்துவார்.

ஆகவே எழுத்து கற்றுத்தரும் எந்த இடத்திலும் மூன்று பாடம் கூடவே இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். மாணவர் ஒரு தடவையாவது எடிட்டராக உட்கார்ந்து பிறர் பிரதியைப் படித்து, அதற்கு நேர்மையான பதில் எழுத வேண்டும். ஓர் ஒப்பந்தத்தை வரிக்கு வரி படிக்க வேண்டும்: உரிமை யாருக்கு, எத்தனை காலத்துக்கு, ராயல்டி எப்படிக் கணக்கிடப்படுகிறது, விலகும் வழி என்ன என்று விரல் வைத்துக் காட்டத் தெரிய வேண்டும். தன்னுடையதல்லாத ஒரு புத்தகத்தை உருவாக்க உடனிருந்து உழைக்க வேண்டும். இவை எழுத்தின் தரத்தை உயர்த்தித் தராது. அதை எழுதுகிறவர் மட்டுமே செய்ய முடியும். ஆனால் தன் எழுத்தில் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கவே கூடாது என்று முடிவு செய்யும் நாள் ஒவ்வொரு எழுத்தாளருக்கும் வரும். அந்த முடிவை அவர் பயத்தில் எடுக்காமல் தெளிவோடு எடுக்க இந்தப் பாடங்கள் உதவும். எழுதச் சொல்லித் தரும் ஆசிரியர் தன் மாணவருக்குச் செய்ய வேண்டிய கடமையில் இதுவும் சேர்த்தி.